வற்றாத தட்டு

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே ஓர் ஊரில், வறட்சி வந்துவிட்டதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் வானத்துக்கும் இல்லை, பூமிக்கும் இல்லை. வேளாண்மை அலுவலக வாசலில் இருந்த ஒரு தகரத் தட்டுக்குத்தான் இருந்தது. வெயிலில் தட்டுத் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வற்றினால் வறட்சி. அப்போதுதான் வாய்க்கால் மதகைத் திறப்பார்கள்.

தட்டு வற்றவில்லை. பக்கத்து அரிசி ஆலைப் புகை வெயிலை மறைத்து நின்றது. உத்திராபதியின் சம்பாப் பயிரோ பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதிகாரி நெடுஞ்செழியனிடம் போனார்.

"சார், வயலு வெடிச்சுக் கெடக்கு. கையை விட்டா முழங்கை வரைக்கும் போவுது."

"விடாதீங்க. பாம்பு இருக்கும்."

"மழையும் இல்லைங்க. மேகத்துல புகைத்தூசி கலந்து, சொட்டு பெருசாகாமலே போயிடுதுன்னு ரேடியோவுல சொல்றாங்க."

"மழை வேற டிபார்ட்மென்ட். ஈரம் போவுதாங்கறது மட்டும்தான் நம்மது. தட்டுல போகலையே!"

"புகை வெயிலை மறைச்சா எப்படி சார் போவும்?"

அதிகாரி எழுந்தே விட்டார். "அப்ப புகைதான் ஈரத்தைக் காப்பாத்துதுன்னு நீங்களே சொல்றீங்க!"

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. 'புகைப்படலத்தின் நிழற்கொடையால் மண்ணின் ஈரம் காக்கப்பட்டு வருவது கூர்ந்து நோக்கப்பட்டு, திரு. உத்திராபதி அவர்களின் அரிய ஆலோசனையை ஏற்று, விவசாயிகள் அனைவரும் வைக்கோல் கொளுத்தி ஒத்துழைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' ஆலை முதலாளிக்கு 'ஈரக் காவலர்' பட்டமும் பொன்னாடையும்.

உத்திராபதியின் மனைவி காளியம்மாள் அவரை முறைத்தாள். "போன வருசம் கொளுத்துனதுக்கு இதே அதிகாரிதான் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இழுத்தாரு. இப்ப தீப்பெட்டியோட வாசல்ல நிக்கிறாரு. வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

ஊரே கொளுத்தியது. சாம்பல் பறந்து தட்டில் விழுந்தது. விழ விழத் தண்ணீர் மேலேறி, ஒருநாள் தட்டு வழிந்தது.

தட்டு வழிந்தால் வெள்ளம். அதற்கும் விதி இருந்தது. நெடுஞ்செழியன் மதகுக்கு இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டு, மைக் கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாக வந்தார். "தாழ்வான பகுதி மக்கள் உடனடியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடவும்!"

புழுதி பறக்க எல்லோரும் போனார்கள். அங்கே சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். உத்திராபதியும் வரிசையில் நின்றார். அன்று காலைதான் அவர் பயிர் முழுசும் பதராகிவிட்டதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"உங்க வயல்ல எவ்வளவு தண்ணி நிக்குது?" என்று கேட்டார் நெடுஞ்செழியன்.

உத்திராபதி பொட்டலங்களைப் பார்த்தார்.

"இடுப்பளவு சார். வீட்ல அவளும் வந்திருக்கா. ரெண்டாக் குடுங்க."

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "எங்களுக்குக் கழுத்தளவு சார்!"