பொட்டு வைத்த கோப்பைகள்

நகராட்சி அலுவலகத்துக்கு இலவசமாக எது வந்தாலும், அதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் மட்டும் கையைத் தூக்கும். விருத்தாசலத்தில் அந்தக் கை என்னுடையது.

ஊர் முழுக்கப் பீங்கான் சூளை. ஆனால் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து எங்களைப் பார்க்க வரும் என் மாமியாருக்குச் சர்க்கரை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வருவார். அதனால், ஒரு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்பு நிதியில் பெண்கள் கழிப்பறை கட்டித் தருகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள்தான் பார்த்தேன். கோப்பைகள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. அடியில் குழாயே இல்லை.

"ரூமும் கோப்பையும் அவங்க பொறுப்பு. பைப்பு நம்ம பொறுப்பு. அது டெண்டர்ல இருக்குது," என்றார் பொறியாளர்.

"அப்ப விழா எதுக்கு சார்?"

"நல்ல நேரம் குறிச்சாச்சும்மா. நீ அலங்காரத்தப் பாரு."

பார்த்தேன். எங்கள் பக்கம் புது மிக்ஸிக்குக்கூடப் பொட்டு வைக்காமல் சுவிட்சைப் போட மாட்டோம். கோப்பை ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டேன். மஞ்சள் குழைக்கக் கொண்டுபோன வாளித் தண்ணீரை உள்ளேயே விட்டுவிட்டு வந்தேன். மாமியாரையும் வரச்சொன்னேன். (மருமகளின் பெருமையைப் பார்க்கட்டும் என்ற திமிர்தான், வேறென்ன!)

மறுநாள் கம்பெனி அதிகாரி சமூகப் பொறுப்பைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். மாமியாரால் அடக்க முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டார்.

அதிகாரி ரிப்பனை வெட்டியதும் கதவுக்கு அடியிலிருந்து செக்கச்செவேலென்று தண்ணீர் வழிந்து வந்தது. மேலே சாமந்தி இதழ்கள் மிதந்தன. அவர் அதை ஆரத்தி என்று நினைத்து, பக்தியோடு ஷூவைக் கழற்றிவிட்டு அதில் நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவர் பேசி முடித்துக் கொடுத்த மைக்கைப் பிடித்தபடி செத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. கையில் காலி வாளியோடு மாமியார்.

"ஏம்மா மல்லிகா, பொட்டு வெக்கத் தெரிஞ்சுது, பைப்பு வெக்கத் தெரியலியா?"

மைக் அதை பஸ் நிலையம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. (கண்டக்டர்கள் விசிலடித்தார்கள்.)

அன்று மாலையே கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். பைப் இன்றும் டெண்டரில்தான் இருக்கிறது. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்து, மனசும் விட்டுப்போயிற்று. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கிரகப்பிரவேசமானாலும், "மல்லிகாகிட்ட குங்குமத்தக் குடுக்காதீங்க, முதல்ல பைப்பு இருக்குதான்னு பாருங்க," என்று யாராவது சொல்வார்கள். கூட்டமே சிரிக்கும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது மாமியார்தான்.

இப்போதும் எங்களைப் பார்க்க வருகிறார். பஸ் ஏறும் நாளில் மட்டும், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.