எண்பத்தெட்டாவது நிமிடமும் ஒரு இரங்கல் ஃப்ளெக்ஸும்

கல்லாயி,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய பவித்ரன் அம்மாவனுக்கு, உங்கள் தங்கை மகள் நிஜிஷா எழுதுவது.

முதலில், எழுதத் துணிந்ததற்கே மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டு எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிடும். நீங்களும் அம்மாயியும் நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீங்கள் நலமாக, உயிரோடு இருக்கிறீர்கள் என்பது போன வாரம் முதல் நம் உறவினர் எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்துவிட்டதால், அந்தக் கேள்வியை எழுதக் கை கூசுகிறது.

இந்த உறைக்குள் இன்னொரு சிறிய உறை இருக்கும். அதில் ஒரு படிவம். வரும் வெள்ளிக்கிழமை அதற்குக் கடைசி நாள், உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். என்ன படிவம் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கால்பந்து அணி கல்லாயி ரோவர்ஸ் இந்த சீசனில் நான்கு ஆட்டம் ஆடி ஒரே ஒரு புள்ளி எடுத்திருக்கிறது. ரசிகர் சங்கத்தார் தினமும் மாலை பெரியவர் கோயாக்காவின் சாயாக்கடையில் கூடி அதற்கான காரணங்களை ஆராய்கிறார்கள். முதல் ஆட்டம் தோற்றது புல் ஈரமாக இருந்ததால். எதிரணியும் அதே புல்லில்தான் ஆடியது என்று யாரோ சொன்னதற்கு, "அவனுங்க கண்ணூர்க்காரனுங்க, அவனுங்களுக்கு ஈரம் பழக்கம்" என்றார் கோயாக்கா. இரண்டாவது ஆட்டம் சமனில் முடிந்தது. அதில் நம் பிரேசில்காரன் காலியான கோலுக்கு அடித்த பந்து கொடிக்கம்பத்தில் பட்டது. "நடுவர் விசிலை வாய்க்கிட்ட கொண்டுபோனாரு, பாவம், பையன் அதப் பார்த்துப் பதறிட்டான்" என்று என் அச்சன் சொன்னார். சங்கத்தின் துணைத் தலைவர் சொன்னதால் அது தீர்மானமாகவே எழுதப்பட்டது. எழுதியது நான். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் மருந்துச் சீட்டு, மின்சார வாரியக் கடிதம், சங்கத் தீர்மானம் என்று எழுத்து இருக்கிற எல்லாமே என்னிடம்தான் வரும்.

மூன்றாவது ஆட்டத்துக்கு நடுவராக நீங்கள் வந்தீர்கள். எண்பத்தெட்டாவது நிமிடத்தில், நம் ஆள் கையில் பந்து பட்டது என்று பெனால்டி கொடுத்தீர்கள்; அந்தக் கோலில் தோற்றோம். அன்று மாலை சாயாக்கடையில் யாரும் சாயாவோடு தின்னப் பழம்பொரி கேட்கவில்லை. கோயாக்கா அச்சனைப் பார்த்து, "வேலாயுதா, உன் பொண்டாட்டி கூடப்பொறந்த அளியன்தானே? சத்தியமாச் சொல்லு, முன்னாடியே பேசி வச்சிருந்தீங்களா?" என்றார். அச்சன் முகம் செத்துவிட்டது. இருபத்தாறு வருடமாக மர டிப்போவில் தடி சுமக்கிற மனிதர், யாரிடமும் இப்படி ஒரு சொல் கேட்டதில்லை.

உடனே என்னைக் கூப்பிட்டு விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். நீங்கள் செய்தது தப்பு என்று எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் மூன்று நாள் படித்தேன். உடம்பை விட்டு விலகி நீட்டிய கையில் பந்து பட்டால் குற்றம்தான் என்று எழுந்து நின்று படித்துக் காட்டினேன். "கை உடம்புல இருந்துதானே மோளே முளைச்சிருக்கு? ஓடறப்ப அதக் கழட்டி ஜோபியிலயா வச்சுக்க முடியும்?" என்றார் கோயாக்கா. இன்னொருவர், "இது இங்கிலீஷ்காரன் எழுதினது, அவன் ஊர்ல குளிரு, கைய உள்ள வச்சுக்கிட்டே ஆடுவான்" என்றார். பட்டம் வாங்கி என்ன பிரயோசனம் என்ற முடிவோடு கூட்டம் கலைந்தது.

அடுத்த நாள்தான் அந்த ஃப்ளெக்ஸ். கல்லாயிப் பாலத்தில், பேருந்து நிற்கிற இடத்தில். உங்கள் படம் எங்கும் கிடைக்கவில்லை. தான் பாரபட்சமில்லாதவன் என்று ஊருக்குக் காட்ட அச்சன் வீட்டு ஆல்பத்தைத் திறந்து, உங்கள் கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தார். அச்சகத்துக்காரன் பக்கத்தில் மணப்பெண்ணாக நின்ற அம்மாயியை வெட்டிவிட்டான். மாலை மட்டும் உங்கள் கழுத்தில் நின்றது. மேலே ஆள் உயரத்தில் "கண்ணீர் அஞ்சலி". நடுவில் மாலையோடு நீங்கள். அடியில், கிட்டே போய்க் குனிந்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், "ரோவர்ஸுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்த கண்களுக்கு".

உங்கள் ஊர்ப் பக்கம் போகும் வடகரைப் பேருந்தில் இருப்பவர்கள் குனிவார்களா? நீங்கள் போய்விட்டதாக நம்பி ஜீப் பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்த பதினான்கு பேரில் பாதிப்பேர் எங்களுக்கும் உறவு. நீங்கள் வாயில் பிரஷ்ஷோடு வந்து கதவைத் திறந்ததையும், அவர்களில் நாணுவேட்டன் மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் உங்கள் கையிலேயே கொடுத்ததையும், "வந்தது வந்துட்டோம், உன்னையும் பார்த்த மாதிரி ஆச்சு" என்று உட்கார்ந்து இரண்டு சுற்று சாயா குடித்ததையும் அம்மாயி போனில் அழுதுகொண்டே சொன்னார்கள். அழுகைக்கு நடுவில் ஒருமுறை சிரிப்பு வந்தது போலவும் எனக்குத் தோன்றியது. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

அம்மா அன்றிலிருந்து அச்சனுக்குச் சோறு பரிமாறுவதில்லை. பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறாள். "உயிரோட இருக்கற என் ஏட்டனுக்கு மாலை போட்ட கை இது." "நான் எங்கடி போட்டேன்? அது அவன் கல்யாணத்துல அவன் பொண்டாட்டி போட்ட மாலை!" "அவ போட்டது கல்யாணத்துக்கு. நீங்க எதுக்குப் போட்டீங்க?" அச்சன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஃப்ளெக்ஸை அவரே தனியாகப் போய் அவிழ்த்து வந்துவிட்டார். சங்கம் கேட்டதற்குக் காற்றில் பறந்துவிட்டது என்றார்.

நான்காவது ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அன்று நடுவர் திருச்சூர்க்காரர், ஒரு விசில்கூடத் தப்பில்லை. சாயாக்கடையில் ஆளுக்கு ஒரு சாயா குடித்து முடித்தார்கள். பிறகு கோயாக்கா, "பவித்ரன் கொடுத்த பயம் பசங்களுக்கு இன்னும் போகல" என்றார். எல்லோருக்கும் மனம் லேசாகி, பழம்பொரி கேட்டார்கள்.

இனி ரோவர்ஸ் ஆட்டத்துக்கு வரமாட்டேன், எங்கள் வாசலையும் மிதிக்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நியாயம்தான். ஆனாலும் விதிப்படி நடந்தவர் நீங்கள் என்று சொல்ல இந்த ஊரில் ஒருத்தியாவது இருக்கிறாள் என்பதற்காகவே இதை எழுதினேன். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அச்சன் எதுவும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்து, பேனா ஒழுங்காக எழுதுகிறதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்.

உங்கள் முழங்கால் வலி குறையவும், மழை ஆட்டங்களில் கால் வழுக்காமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

நிஜிஷா

பி.கு.: அம்மாவா, அது பெனால்டி இல்லை. நான் அந்தக் கோலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். பந்து அவன் தோளில் பட்டது, அக்குளுக்கு மேலே. அதைக் கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே பக்கத்தில், அடுத்த பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்தியை நான் சாயாக்கடையில் படித்துக் காட்டவில்லை. அவர்களுடைய ஐந்தாம் எண்காரன் உங்களை மறைத்துவிட்டான். நீங்கள் மூன்றடி இடதுபக்கம் ஓடியிருந்தால் தெரிந்திருக்கும். இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்களிடம் மறைத்துவிட்டு அந்தச் சின்ன உறையைத் திறக்கச் சொல்ல மனம் வரவில்லை. அது மாவட்ட நடுவராகப் பதிவுசெய்வதற்கான கடைசிப் படிவம். விதிப் புத்தகத்தைப் படித்த மூன்றாம் நாளே விண்ணப்பித்துவிட்டேன். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிவிட்டேன். வீட்டில் இன்னும் தெரியாது. பத்து வருட அனுபவமுள்ள நடுவர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இவ்வளவையும் படித்த பிறகும் மனமிருந்தால், நான்காம் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?