சூப்பிரண்டு வீட்டுக் கேமரா

“எந்தக் காலத்துக் கேமராங்க இது?” என்று ராஜராஜேஸ்வரி கேட்டாள்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த கோமதிநாதன் சட்டென்று மூடிக்கொண்டான். எவ்வளவு அருமையான கேள்வி! தப்பிக்கிற வழியை மனைவியே காட்டிக் கொடுத்துவிட்டாள்.

கேமரா அன்றைக்குத்தான் ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருந்தது. கறுப்புத் தோல், வெள்ளித் தகடு, தலையில் வரிசையாகத் திருகுகள் என்று ஐம்பது வருடத்துப் பழசு போல வேஷம் கட்டிய புத்தம்புது டிஜிட்டல் கேமரா. விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம். சம்பள நிலுவை மொத்தமாக வந்ததை வீட்டில் மூச்சுவிடாமல் அதில் வாங்கியிருந்தான். அந்தப் பணம் வந்ததும் மாடியில் ஷீட் போட வேண்டும் என்று ராஜராஜேஸ்வரி இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். இவனோ அதே இரண்டு வருடமாக, இந்தக் கேமரா விலைக்குத் தகுமா தகாதா என்று யூடியூபில் ஊரில் உள்ளவன் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். பாதிப் பேர் தகும் என்றார்கள். மீதிப் பேர் சொன்னதை இவன் முழுதாகக் கேட்கவில்லை.

“பழசுதான். எங்க சூப்பிரண்டு சங்கரசுப்பிரமணியன் சார் வீட்ல கிடந்துச்சாம். ஐந்நூறு ரூபா கொடுத்தேன்.”

அந்த ஆபீசில் பொய்யே பேசாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் அவர் பெயரைச் சொன்னான்.

“இதுக்கு ஐந்நூறா? நல்லா உங்க தலையில மொளகா அரைச்சிட்டாரு” என்றாள் ராஜராஜேஸ்வரி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் திட்டியது இவ்வளவு இனிப்பாக இருந்ததே இல்லை.

“பின்னால டிவி மாதிரி இருக்கே?”

“டிஜிட்டல் வந்த புதுசுல சிங்கப்பூர்ல இருந்து வரவழைச்சதாம்.”

பொய் ஒன்று சொன்னால் அதற்குத் தினமும் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். கோமதிநாதனுக்கு அது மறுநாள் காலையில் புரிந்தது. குளித்துவிட்டு வந்தவன் ஹாலில் கேமராவைப் பார்த்து அலறினான். கண்ணாடி நடுவில் வட்டமாக, ஈரமாக, ஒரு மண் பொட்டு.

“ஏட்டி! என்னது இது?”

“புத்து மண்ணு. கோயிலுக்குப் போயிட்டு வந்து கரைச்சு வச்சேன். அடுத்த வீட்டுச் சாமான்லா? எத்தனை சாவு, துஷ்டி பாத்த கண்ணோ! கழட்டிக் கழுவிக்கிடுங்க.”

“இது கழட்ட வராது. ஒரே லென்ஸு. உடம்போட சேந்தது.”

“கழட்டவே வராதா? அப்ப ரிப்பேர்தான். பழைய இரும்புக் கடை சிவனாண்டி இன்னைக்கு வருவாரு, போட்டுருதேன்.”

“ரிப்பேர்லாம் இல்ல!” என்று பதறினான். “படம் பிரமாதமா விழும்.”

“விழுமா?” ராஜராஜேஸ்வரி முகம் மலர்ந்தது. “அப்ப ஞாயித்துக்கிழமை தம்பி பொண்டாட்டி லட்சுமிப்ரியா வளைகாப்புக்கு நீங்களே எடுத்துருங்க. தம்பி எட்டாயிரம் ரூபாய்க்கு போட்டோக்காரரைப் பேசிருக்கான். வேண்டாம்னு சொல்லிருதேன்.”

அவன் லென்ஸில் ஒட்டிய மண்ணை ஊதி முடிப்பதற்குள் அவள் புளியங்குடியில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ஹரிசங்கர் வீட்டில் கால் வைக்க இடமில்லை. கோமதிநாதன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் முன்னும் பின்னும் நடந்தான்.

“அத்தான், அங்கன நின்னே இழுத்து எடுங்களேன்” என்றான் ஹரிசங்கர். எலுமிச்சை மண்டி வைத்திருப்பவன், எதிலும் சேதாரம் பார்ப்பவன்.

“இழுக்க முடியாது மாப்ள. இதுல ஜூம் கிடையாது. நாமதான் நடக்கணும்.”

“என் போனே பத்து மடங்கு இழுக்குமே! ஐந்நூறு ரூபாய்க்கு உங்களை நடக்கவும் வச்சுட்டாரா சூப்பிரண்டு?”

கூடம் முழுக்கச் சிரித்தது. கோமதிநாதனும் சிரித்தபடி இன்னும் ஓரடி பின்னால் வைத்தான். அந்த ஓரடி தேங்காய்ச் சோற்று அண்டாவுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம் படங்களை ஹரிசங்கர் வீட்டு டிவியில் போட்டார்கள். கேலி பேச உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். ஒரு படத்தில், லட்சுமிப்ரியாவின் கையில் கண்ணாடி வளையலைப் போட்டுவிட்டு ராஜராஜேஸ்வரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருந்தது.

“மதினியா இது?” என்றாள் லட்சுமிப்ரியா.

ராஜராஜேஸ்வரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது. கோமதிநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரொம்ப மலிவு என்று தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

அந்தக் கணத்தை மச்சினன் கெடுத்தான்.

“அத்தான், ஐயாயிரம் தாரேன். கேமராவை எனக்குக் கொடுத்துருங்க. பிள்ளை பிறந்தா எடுக்கணும்லா.”

“பத்து மடங்கு!” என்றாள் ராஜராஜேஸ்வரி. “கொடுத்துருங்க.”

“அது... முடியாது. விக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் சார் கொடுத்தாரு. அவுக அப்பா ஞாபகமா வச்சிருந்த கேமரா.”

சொல்லிவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான். ராஜராஜேஸ்வரியின் முகம் மட்டும் வாடிவிட்டது.

“செத்துப்போன அப்பா சாமானையா ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தீக? பாவம்லா!”

திங்கட்கிழமை ஆபீஸ் வேலையாகக் குருவிகுளம் போயிருந்த கோமதிநாதன் இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்பினான். ராஜராஜேஸ்வரி ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை அவன் கையில் வைத்தாள்.

“என்னது?”

“கேமரா பணம். சாயங்காலம் சூப்பிரண்டு சார் வீட்டுக்குப் போய்க் கொடுத்துட்டு வந்துட்டேன். ‘உங்க அப்பா ஞாபகப் பொருள் உங்ககிட்டதான் சார் இருக்கணும்’னேன். முதல்ல திருதிருன்னு முழிச்சாரு. அப்புறம், ‘ஆமாம்மா, எங்க அப்பா கேமராதான்’னு கண்ணுல ஒத்திக்கிட்டாரு. பாக்கவே எனக்கு அழுகை வந்துட்டு.”

கோமதிநாதனுக்கும் வந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் அவன் உள்ளங்கையில் ஒரே நோட்டாகச் சுருங்கிக் கிடந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் ஓடினான்.

சங்கரசுப்பிரமணியன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கேமரா அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் மனைவி நெல்லையம்மாள் டிவி பார்க்கிற சத்தம் கேட்டது.

“சார்... அது வந்து...” என்று கோமதிநாதன் குரலைத் தாழ்த்தினான்.

“தெரியும்வே. செல்லுல விலையைப் பாத்துட்டேன். எனக்கே தலை சுத்திட்டு.”

“என் மானத்தைக் காப்பாத்துனீக சார். கோடிப் புண்ணியம். கேமராவைக் கொடுத்துருங்க, போயிருதேன்.”

“எப்படிவே கொடுக்க?” என்றார் சூப்பிரண்டு, நிதானமாக. “எங்க அப்பா கேமரான்னு என் சம்சாரம் முன்னாலதான் உம்ம வீட்டம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. நானும் ஆமான்னுட்டேன். இப்ப உம்ம கையில திரும்பக் கொடுத்தா, ஏன்னு இவ கேப்பாளா மாட்டாளா? முப்பது வருசமா என் வாயில பொய்யே வராதுன்னு நம்பிட்டு இருக்கா.”

“அப்ப என்ன சார் பண்ண?”

“உம்ம வீட்ல போய் உண்மையைச் சொல்லும். அவளைக் கூட்டிட்டு வந்து இங்கனயும் சொல்லும். அடுத்த நிமிசம் கழட்டித் தந்துருதேன். பொய்ல வாழக் கூடாதுவே.”

கோமதிநாதன் மாடி ஷீட்டை நினைத்துப் பார்த்தான். சம்பள நிலுவையை நினைத்துப் பார்த்தான். டிவியில் சிரித்த அந்த முகம் உண்மையைக் கேட்டால் என்ன ஆகும் என்றும் நினைத்தான். துணிச்சல் வரவில்லை. கேமரா போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டான். கண் மட்டும் அவர் கழுத்தை விட்டு நகரவில்லை. சூப்பிரண்டு அவனை நோக்கிக் கேமராவைத் தூக்கி ஒரு படம் எடுத்தார்.

“ஜூம் எப்படிவே பண்ணணும்?”

“நடக்கணும் சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்க.”

நெல்லையம்மாள் உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். கையில் ஒரு கைக்கடிகாரம். தங்க விளிம்பும் தோல் பட்டையுமாகப் பழைய மோஸ்தரில் இருந்தது. கண்ணாடி மேல் கடையில் ஒட்டிய மெல்லிய தாளைக்கூட இன்னும் யாரும் உரிக்கவில்லை.

சூப்பிரண்டு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “ஏட்டி, அதை எதுக்கு வெளிய எடுத்துட்டு வாரே? உள்ள கொண்டு போ!” அவருக்கு வியர்த்துக் கோமதிநாதன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நெல்லையம்மாள் அவரைக் கண்டுகொள்ளாமல் கடிகாரத்தைக் கோமதிநாதன் கையில் வைத்து அழுத்தினாள். “உங்க வீட்டம்மாவைப் பாத்ததுல இருந்து மனசே சரியில்ல தம்பி. ஆறு மாசத்துக்கு முன்னால உங்க அப்பா வாட்சை முந்நூறு ரூபாய்க்கு இவுகளுக்குக் கொடுத்தீகளாமே, அதை மட்டும் நாங்க வச்சுக்கிடலாமா?”