டேக் யுவர் லீவ்

"யூ மே டேக் யுவர் லீவ்" என்றார் மேனேஜர்.

"யெஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், அவர் என்ன சொன்னார் என்றே ஸ்டோர்கீப்பர் யோசிக்க ஆரம்பித்தார்.

அது ஒரு குடைத் தொழிற்சாலை. கம்பி, கைப்பிடி, துணி என்று சரக்கு அறையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. தினமும் காலையில் மேனேஜரிடம் போய் இருப்பைச் சொல்வார். மேனேஜரும் தமிழில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, "சரி, போங்க" என்பார். இன்றைக்கு மட்டும் என்ன திடீரென்று இங்கிலீஷ்? ஸ்டோர்கீப்பரின் அனுபவத்தில் மேலதிகாரிகள் இரண்டு சமயங்களில்தான் இங்கிலீஷுக்குத் தாவுவார்கள். ஒன்று, பாராட்டும்போது. அவரை இதுவரை யாரும் பாராட்டியதில்லை.

நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த தலைமைக் கணக்கருக்கு அலுவலகம் வைத்த பெயர் டிக்‌ஷனரி. இங்கிலீஷில் சந்தேகம் கேட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"யோசிச்சுச் சொல்லுங்க. 'எ லீவ்'னாரா, 'யுவர் லீவ்'னாரா?"

"'யுவர்'தான் சார். காதுல நல்லா விழுந்துச்சு."

டிக்‌ஷனரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "'எ லீவ்'னா ஒரு லீவு. எடுத்துட்டு வந்துடலாம். 'யுவர் லீவ்'னா உங்களுடையது. உங்க பேர்ல சேர்ந்து கிடக்கிறது மொத்தமும்."

"மொத்தத்தையுமா? வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து நான் எடுத்ததே இல்லையே! எதுக்கு சார் மொத்தத்தையும் எடுக்கச் சொல்றாரு?"

"அதை என் வாயால எப்படிச் சொல்றது? பொதுவா ஒருத்தர் கணக்கை முடிக்கிறப்பதான் அப்படிச் சொல்வாங்க."

ஸ்டோர்கீப்பர் திரும்பிப் போய் மேனேஜரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் "யெஸ் சார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மறுபடியும் போய் "என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்கிற தைரியம் அவருக்குக் கிடையாது. அன்று சாயங்காலம் சரக்கு அறையைப் பூட்டிவிட்டு, கதவை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்ட மனைவி பதறவில்லை.

"லீவு கொடுத்துட்டாங்கதானே? அப்ப மக வீட்டுக்குக் கிளம்புவோம். பேத்திக்குப் பல்லே முளைச்சிடுச்சு. நீங்க இன்னும் போன்லதான் பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

"வேலை போகப்போகுதுங்கிறேன், நீ பல்லுங்கிறியே!"

"அதுவும் நீங்க பார்க்காமலேயே விழுந்து முளைச்சிடும்" என்றாள் மனைவி. அவர் பரணிலிருந்து பையை இறக்கினார்.

மறுநாள் மகள் வீட்டு வாசலில் இறங்கியபோது, பேத்தி அவரைப் புது நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அரை மணி நேரத்தில் சமாதானமாகி மடிக்கு வந்தாள். வந்தவள் அவருடைய சட்டைப் பையைக் குடைந்தாள். பிறகு கால்சட்டைப் பையைக் குடைந்தாள். கலகலவென்று எதையோ வெளியே இழுத்து வாயில் வைத்துக் கடித்தாள்.

சரக்கு அறைச் சாவிக்கொத்து.

அவருக்கு உயிரே போய்விட்டது. அங்கே கம்பி இல்லாமல், துணி இல்லாமல் தொழிற்சாலையே நின்றிருக்கும்! மேனேஜருக்குப் போன் போட்டார். பின்னால் இயந்திரச் சத்தம். சாவி என்னிடம் இருக்கிறது, உடனே கிளம்பி வருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னார்.

"நோ, நோ! டேக் யுவர் டைம்!" என்று மேனேஜர் கத்தினார்.

"யெஸ் சார்."

"அப்பா, மெதுவா வாங்கன்னுதான் சொல்றாரு" என்றாள் மகள்.

"மெதுவா வாங்கன்னு யாராவது கத்துவாங்களாம்மா?"

டிக்‌ஷனரிக்குப் போன் போட்டார்.

"சார், நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். ராத்திரி பூரா உங்க விஷயத்தைத்தான் புரட்டிக்கிட்டு இருந்தேன். 'டேக் யுவர் லீவ்'னா லீவு எடுக்கிறது இல்லையாம். விடைபெற்றுக்கொள்றதாம்."

"அப்படின்னா?"

"பேசி முடிச்சாச்சு, ரூமை விட்டுப் போகலாம்னு அர்த்தம். 'சரி, போங்க'ன்னு தினமும் சொல்வாரே, அதேதான்."

"அப்ப... அவர் லீவே கொடுக்கலையா?"

"கொடுக்கலை. நீங்களா சாவியை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிட்டீங்க. இப்ப டைமை எடுத்துக்கங்கிறாரே, அது குத்தல். இவங்க 'யுவர்'னு ஆரம்பிச்சாலே உஷாரா இருக்கணும். முதல்ல லீவ், அப்புறம் டைம், அடுத்தது 'டேக் யுவர் திங்ஸ்'தான்."

ஸ்டோர்கீப்பர் அப்போதே பையைத் தூக்கினார். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"உங்களை யாரும் வேலையை விட்டு அனுப்பமாட்டாங்க. பேசாம உக்காருங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பேத்தியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், டிக்‌ஷனரி சொல்லிக்கொடுத்த மன்னிப்பு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். 'ஐ டேக் பேக் மை லீவ்.' என் லீவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

சொல்லிக்கொண்டே வரும்போது, நடுவில் அந்த 'மை' அவரைத் தடுத்து நிறுத்தியது. என்னுடைய லீவு. இத்தனை வருஷமாகக் காவல் காத்ததில் ஒரு கம்பிகூட அவருடையது இல்லை. துணியும் இல்லை, சாவியும் இல்லை. மழை வந்தால் அவர் பிடித்துப் போகிற குடைகூட, தையல் கோணல் என்று கழித்துக்கட்டியது. லீவு என்பதும் கம்பெனியுடையது, அதைக் கேட்பது ஏதோ கைமாற்று கேட்பது போல என்றே அவர் நினைத்துவந்திருக்கிறார். அது பாட்டுக்கு அவர் பேரில், யாரும் தொடாமல், சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த நாட்களில்தான் மகள் நடக்கக் கற்றாள், பள்ளிக்குப் போனாள், கல்யாணமாகிப் போனாள். பேத்தியின் எச்சில் சாவியில் இன்னும் பிசுபிசுத்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. ஒரு நிமிஷம், இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வேலையே போய்விட்டால் லீவு ஏது?

தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது சரக்கு அறை திறந்துதான் இருந்தது; கதவில் மாற்றுச் சாவி தொங்கியது. யாரோ ஒருவர் உள்ளே துணி எடுத்துக்கொண்டிருந்தார். தன் இடத்தில் வேறு ஆளே போட்டாகிவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு, மேனேஜர் அறைக்குள் போனார். தேநீர் கொண்டுவரும் அக்கா அங்கே கோப்பையை வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர்கீப்பர் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். விறைப்பாக நின்றார். மனப்பாடம் செய்த வாக்கியத்தில் நடுவிலிருந்த 'பேக்' மட்டும் பதற்றத்தில் எங்கோ விழுந்துவிட்டது.

"ஐ டேக் மை லீவ், சார்."

மேனேஜர் சாவியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். "வாட்? ரிசைன் பண்றீங்களா?" என்று எழுந்துவிட்டார். "ஹேவ் யூ லாஸ்ட் யுவர் மைண்ட்?"

மறுபடியும் ஒரு 'யுவர்'. ஸ்டோர்கீப்பருக்கு வாய் தன்னால் திறந்தது.

"யெஸ் சார்."

மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து எதையோ தேடியபடி விறுவிறுவென்று வெளியே போனார். "அம்மா, நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன், இப்ப பாருங்க..." என்று அவர் யாரிடமோ சுத்தமான தமிழில் புலம்புவது வராந்தாவிலிருந்து கேட்டது.

"யார்கிட்ட பேசுறாரு?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

அக்கா தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க வீட்டு அண்ணிகிட்டதான். போன வாரம் இங்க வந்து அழுதுட்டுப் போனாங்கண்ணே, 'தமிழ்ல லீவு கொடுத்தா வேணாம்னு சொல்லிடுவாரு, இங்கிலீஷ்ல கொடுங்க, என்ன ஏதுன்னு கேக்காம எடுத்துக்குவாரு'ன்னு!"