முன் சீட்டுக்காரர்

“அந்தக் கடையைப் பாத்துக்கிட்டே நடங்க சார், அவ்வளவுதான் வேலை!” என்றான் உதவி இயக்குநர் பெஜ்மான்.

அந்தக் கடையைத்தான் கியூமர்ஸால் பார்க்க முடியாது. அமீரியே தெருவின் அந்தப் பிஸ்தாக் கடை அவர் மனைவியின் அண்ணன் தஹ்மூரஸுடையது.

அவர் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தை இழுத்து மூடி இரண்டு மாதமாகிறது. மனைவி பரிவாஷிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்து அலுத்து, கடைசியில் சினிமாவில் ‘தெருவில் போகிறவர்’ வேலைக்கு வந்து சேர்ந்திருந்தார். தெஹ்ரானில் முன்பின் தெரியாத ஆறு பேரின் வாழ்க்கை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் படம். முட்டிக்கொள்ளாமல் போகவும் ஆள் வேண்டுமல்லவா?

கேமரா ஓடியது. கியூமர்ஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நண்டு மாதிரி நடந்தார்.

“கட்! யாருப்பா அது, கழுத்துல சுளுக்கா?” என்று கத்தினார் இயக்குநர் அம்மாள்.

ஒப்பனைக்காரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, கறுப்புக் கண்ணாடியும் புதர் மீசையும் வாங்கி மாட்டிக்கொண்டார். அது பெரிய வம்பாகிவிட்டது. இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“அடேயப்பா! கண்ணாடியைத் தாண்டித் திருட்டு முழி தெரியுதே! இவரை டாக்ஸி முன் சீட்டுல உக்கார வைங்க. பொண்டாட்டிகிட்ட எதையோ மறைக்கிற புருஷன் வேஷம்.”

“மேடம், எனக்கு நடிக்கவே வராது...”

“நடிக்காதீங்க. இப்படியே இருங்க.”

அதற்குள் தஹ்மூரஸே தட்டு நிறையப் பிஸ்தாவோடு வந்துவிட்டார். “சார், உங்க படம் ஒண்ணு விடாம பாத்திருக்கேன்! பேருதான் ஒண்ணும் ஞாபகம் வரல” என்று கியூமர்ஸின் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார். “மொதல்ல என் தங்கச்சிக்கு அனுப்பறேன். அவளுக்கு சினிமான்னா உசுரு!”

மீசைக்குள் வியர்த்தது. கியூமர்ஸ் ஓடிப்போய் டாக்ஸிக்குள் பதுங்கினார்.

பின்கதவு திறந்து யாரோ ஏறினார்கள். “பின் சீட்டு அம்மாவும் ரெடி மேடம்!” என்று குரல் கொடுத்தான் பெஜ்மான்.

கியூமர்ஸ் திரும்பவில்லை. அவர் காதருகே அந்த அம்மாள் குனிந்து கிசுகிசுத்தாள்:

“சார், கொஞ்சம் தலையைச் சாச்சு என் முகம் கேமராவுல தெரியாம மறைச்சுடுங்க, புண்ணியமாப் போகும். எங்க வீட்டுக்காரர் கியூமர்ஸ் பாவம், வேலை போனதையே எங்கிட்ட இன்னும் சொல்லல. நான் இங்க வர்றது தெரிஞ்சா மனுஷன் ஒடைஞ்சு போயிடுவார்!”