பெட்டிக்காரர் போட்ட கோடு

ஓசூர்ப் பக்கம் இருக்கிற கம்பெனிகளையெல்லாம் ஒன்றாகக் கொட்டிச் சலித்தாலும் எங்கள் பெட்டிக்காரர் மாதிரி எரிச்சல் மூட்டுகிற மனிதர் இன்னொருவர் தேற மாட்டார். அவர் காலையில் வணக்கம் சொன்னாலே சண்டைக்கு இழுப்பது போலிருக்கும்.

இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிக்குப் பாகம் செய்கிற சின்னக் கம்பெனி அது. ஆபீசைக் கூட்டித் துடைத்து டீ போடுகிற வேலை எனக்கு. ஆபீசில் நாலு கம்ப்யூட்டர். நாலிலிருந்தும் ஒயர் இழுத்து, சுவரோரம் டிபன் பாக்ஸ் அளவில் உள்ள ஒரு பெட்டியில் செருகியிருப்பார்கள். அதில் பச்சை விளக்குகள் கண்ணடித்தபடியே இருக்கும். அந்தப் பெட்டிக்குக் காவல் இவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நிஜப் பேர் என்னவென்று சம்பளம் போடுகிற மஞ்சுளாவுக்கு மட்டும்தான் தெரியும்.

மத்திகிரியில் எங்கள் லைன் வீட்டில் நாலு குடித்தனத்துக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். அவர் கம்ப்யூட்டருக்குள் 'பொது' என்று பேர் போட்டு வைத்திருந்த இடமும் அப்படித்தான் என்று நானாகப் புரிந்துகொண்டேன். யார் வேண்டுமானாலும் அதில் படமோ கணக்கோ போடலாம். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே திறந்து பார்க்கலாம், தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றையும் அழிக்க முடியாது. அழிக்கிற அதிகாரம் அவருக்கு மட்டும். அதற்கு அவர் மேஜை முன்னால் போய் நின்று காரணம் சொல்ல வேண்டும். காரணம் அவருக்குப் பிடிக்க வேண்டும். அவருக்குப் பிடித்த காரணம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஒருமுறை மஞ்சுளா, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அனுப்ப வைத்திருந்த தன் போட்டோவைத் தவறுதலாக அதில் போட்டுவிட்டாள். பட்டுப்புடவையும் நெத்திச்சுட்டியுமாக அவள் நிற்பதை முதலாளி முதல் ஸ்டோர்காரர் வரை எல்லாரும் பார்த்தாயிற்று. அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"என்னத்துக்கு அழிக்கணும்? காரணத்தச் சொல்லுங்க."

"மாப்பிள்ளை வீட்டுல வேணாம்னுட்டாங்க சார்."

"அது காரணமா? இன்னொரு மாப்பிள்ளை வருவாருல்லா. கெடக்கட்டும்."

அவள் கன்னடத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவருக்குக் கன்னடம் தெரியாது. நன்றி சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டார்.

என் கதை இன்னும் கேவலம். பெட்டிக்குத் தூசி ஆகாது என்று தன் மேஜையைச் சுற்றிச் சாக்பீசால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். துடைப்பம் அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும். உள்ளே உலர்ந்த துணியால், மண்டி போட்டு, கையால்தான் துடைக்க வேண்டும். முட்டி தேய்ந்துபோன பொம்பளை என்கிற இரக்கம் அவரிடம் கிடையாது. தினமும் உள்ளுக்குள் திட்டிக்கொண்டே துடைத்தேன். வெளியில் திட்ட எனக்கு வராது.

ஆயுதபூஜைக்கு எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். பெட்டிக்கு மட்டும் கூடாது என்று குறுக்கே நின்றுகொண்டார். ஈரம் உள்ளே இறங்குமாம். சாமி குற்றம் ஆகிவிடும் என்று மேனேஜர் சத்தம் போட்டார். "அப்ப பெட்டிக்கு வைக்கிறத எனக்கு வைங்க" என்று நெற்றியைக் காட்டினார் பெட்டிக்காரர். விடுவார்களா? ஆளுக்கு ஒரு கை சந்தனத்தை அள்ளி அப்பினார்கள். மஞ்சுளா அப்பியது பூஜையில் சேராது. அது பழைய பாக்கி. சாயந்தரம் வரைக்கும் அந்தக் கோலத்தோடுதான் வேலை பார்த்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த கம்பெனியில்தான், உள்ளே பிரஸ் மிஷினில் வேலை செய்த என் மகன் மாதேஷுக்கு இரண்டு விரல் போனது.

கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பித் தடுப்பை அவனே கழற்றினான், தப்பு அவனுடையது, வேலையை விட்டு நின்றுகொள்ளட்டும் என்றார்கள். உருப்படி அதிகம் வர வேண்டும் என்று காலையில் அதைக் கழற்றியவர் சூப்பர்வைசர். மாதேஷ் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். யார் கேட்டார்கள்?

முதலாளி பார்க்கட்டும் என்று, கேமராவில் பதிந்ததை வழக்கம்போல் 'பொது'வில் போட்டவரும் அதே சூப்பர்வைசர்தான். அவசரத்தில் அன்று காலையிலிருந்து பதிந்த முழுவதையும் போட்டுவிட்டார். முதலாளி கடைசியை மட்டும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலிலிருந்து உட்கார்ந்து, தடுப்பைக் கழற்றியது யார் என்று பார்த்தவர் மேனேஜர். கேமராவில் இருந்ததை உடனே அழித்தாயிற்று. 'பொது'வில் இருந்ததற்குத்தான் பெட்டிக்காரரிடம் வர வேண்டியிருந்தது.

மேனேஜரும் சூப்பர்வைசரும் வந்து கோட்டுக்கு வெளியே நின்றார்கள். நான் பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். துடைக்கிறவள் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

"அந்த வீடியோவ எடுத்துருப்பா" என்றார் மேனேஜர்.

"காரணத்தச் சொல்லுங்க சார்."

"இடத்த அடைக்குதுல்ல."

"அது காரணம் இல்ல சார். மஞ்சுளா போட்டோவே இன்னும் கெடக்கு."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"அதுவும் காரணம் இல்ல சார். அதுல என்ன இருக்கு, எதுக்காவ அழிக்கணும், எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொல்லுங்க. அழிச்சிருதேன்."

மேனேஜர் விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார். ஆனால் பெட்டிக்காரர் போட்ட சத்தத்தில் ஆபீசில் இருந்த எல்லாரும் 'பொது'வைத் திறந்துவிட்டார்கள். முதல் நகல் எடுத்தவள் மஞ்சுளா. மறுநாள் மிஷின் ஓட்டுகிற பிள்ளைகள் செல்போனில் எல்லாம் அது ஓடியது. அதற்குப் பிறகு தப்பு மாதேஷுடையது என்று யாரும் பேசவில்லை. வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அவனுக்குக் கேட்டில் வந்துபோகிற வண்டி நம்பரை நோட்டில் எழுதுகிற வேலை கிடைத்தது. சூப்பர்வைசரை இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். விரல் போனது போனதுதான்.

பெட்டிக்காரரை மட்டும் மறு வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. எல்லாருக்கும் மேனேஜர் பயம். நான் டீ கொண்டுபோனேன். எப்போதும் போல் கோட்டுக்கு வெளியே வந்து நின்று குடித்தார்.

"அந்தத் தம்பி கேட்டுல இருக்கானாமே. நல்லாருக்கானா?"

"என் மவன்தானுங்க அவன்."

டம்ளரை இறக்கி என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா? எனக்குத் தெரியாதே."

எனக்காகச் செய்தார் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த மனிதருக்கு நான் யார் என்றே தெரியவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்து, "கோட்டுக்குள்ள தொடப்பம் வரப்படாது, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார். சிரித்த முகம். என்ன கேட்டாலும் அழித்துக் கொடுத்துவிடுகிறார். மஞ்சுளா மட்டும் தன் போட்டோவை அழிக்கச் சொல்லி அவரிடம் போகவே இல்லை. கோடு தேயும்போதெல்லாம் நான் சாக்பீஸ் எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டு, மண்டி போட்டு, உலர்ந்த துணியால் துடைக்கிறேன். "எதுக்கு ஆயாம்மா முட்டி வலிக்க இந்த வேலை?" என்று புது ஆள் கேட்டார். காரணம் இருக்கிறது. சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.