ஹீட் ட்ரீட்மென்ட் செய்த பூண்டு

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்கு முன் எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன ஒரு பதில், என் மச்சானின் பிழைப்பிலேயே கை வைத்தது.

எண்பதுகளின் கடைசி. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். தொழிற்சாலையில் எனக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செக்ஷன். இரும்பை உலையில் காய்ச்சி, குறித்த நேரம் வைத்திருந்து, எண்ணெயில் முக்கிப் பதமாக்கும் வேலை. (உண்மையில் நான் ஹெல்பருக்கு ஒரு படி மேல். ஊரில் கேட்பவர்களுக்கு இன்ஜினீயருக்கு ஒரு படி கீழ்.)

என் மனைவி செல்வியின் அண்ணன் முருகேசன், கொடைக்கானல் மலையில் பூண்டு விவசாயம் செய்பவர். எங்கள் மகளுக்குத் திருமுல்லைவாயில் கோயிலில் காது குத்த வந்தவர், பையிலிருந்து நாலு பூண்டை எடுத்துக் காட்டிப் புலம்பினார்.

"இலையெல்லாம் முறுக்கிக்கிட்டு மஞ்சக்கோடு விழுது மாப்ள. எடுத்து வச்ச பூண்டும் சுருங்கிச் சருகாப் போகுது. என்ன நோயின்னே தெரியல."

இரும்பில் வெடிப்புப் பார்க்கும் லென்ஸ் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். ஒரு பல்லை உரித்து வைத்துப் பார்த்தேன். இடுக்கில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தது. உற்றுப் பார்த்தால், பொடி நெளிந்தது.

"சிலந்திப்பேன்!" என்றேன். எங்கோ படித்த ஞாபகம். மறுநாள் நூலகத்தில் ஒரு விவசாயப் பத்திரிகையைப் புரட்டினால், அதுவேதான். சரியாகச் சொல்லிவிட்டேன் என்பதுதான் விபரீதமாகிவிட்டது. விதைப் பற்களை ஐம்பத்தைந்து டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்கி, குளிர்ந்த நீரில் ஆற்றி, நிழலில் உலர்த்தி நட வேண்டும் என்று போட்டிருந்தது. காய்ச்சுவது, நேரம் பார்ப்பது, முக்குவது. என் செக்ஷன் வேலையேதான்!

"விதையை இங்க கொண்டாங்க. மலையில உங்களுக்குக் கருவி ஏது?" என்றேன்.

அடுத்த மாதம் மனுஷர் ரயிலேறி இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினார்.

"இந்தப் போகத்துக்கு இதுதான் மொத்த விதை மாப்ள. இது போனா நிலம் சும்மாதான் கெடக்கும்."

"கவலைய விடுங்க" என்றேன் நான்.

பின்கட்டில் செங்கல் அடுப்பு மூட்டி அண்டாவை ஏற்றினேன். செக்ஷனில் கழித்துப்போட்ட உலை மீட்டரைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஆயிரத்து இருநூறு டிகிரி வரை காட்டும் ராட்சசன் அது. அதன் முதல் கோடே நூறு. அதற்குக் கீழே இருப்பதை அது சூடாகவே மதிக்காது. முள் லேசாக அசைந்ததும், "ஐம்பத்தைந்து!" என்று நானே தீர்ப்புச் சொன்னேன்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, சாதம் வடிக்கிற தண்ணி மாதிரி ஆவி வருது. கைய வச்சுப் பாருங்களேன்."

"கை என்ன கருவியா?" என்றேன். (இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை.)

முதல் மூட்டைப் பற்களைத் துணியில் கட்டி இறக்கினேன். வாட்சைப் பார்த்துப் பத்து நிமிடம். மூன்றாவது நிமிடமே வாசனை எழும்பியது. நான் அதைப் பேன் சாகும் வாசனை என்று மச்சானுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேல் கஜேந்திரன் தலை தெரிந்தது. பின்வீட்டுக்காரன், ஆவடியை ஒட்டிய சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"இன்னா அண்ணாத்தே, தெருவே மணக்குது! யார் ஊட்ல பூண்டு வெந்துகினு கீதுன்னு பார்த்தா, உன் ஊடு! எதுனா விருந்தா?"

அவனை முறைத்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக் குளிர்ந்த நீரில் முக்கினேன். மச்சான் ஒரு பல்லை எடுத்து விரலால் அழுத்தினார். தோல் அவர் கையில் நின்றது. உள்ளிருந்தது வழுக்கிக்கொண்டு வந்து என் காலடியில் விழுந்தது.

"இது மொளைக்குமா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

குரலில் கோபம் துளியும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு வருஷ உழைப்பில் பாதியை அவித்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்விதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த மூட்டைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க தள்ளுங்க."

கஜேந்திரன் மனைவி பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். அவரிடம் கண்ணாடி தெர்மாமீட்டர் வாங்கி வந்தாள். பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஐம்பத்தைந்துக்கு இறக்கினாள். சூடு ஏறினால் கொள்ளியை இழுத்தாள், இறங்கினால் தள்ளினாள். மச்சான் பற்களை முக்கி எடுத்தார். எனக்குக் கிடைத்த பொறுப்பு, பத்து நிமிடம் ஆனதும் "ஆச்சு" என்று சொல்வது. (அதையும் ஒருமுறை தாமதமாகச் சொல்லித் திட்டு வாங்கினேன்.)

அவிந்த மூட்டையில் ஒரு வாரம் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பூண்டுக் குழம்பு. மச்சான் மிச்ச விதையோடு மலையேறினார். பாதி நிலம்தான் நட்டார். நட்ட பாதியில் ஓர் இலைகூட முறுக்கவில்லை என்று கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பை பூண்டு வந்துவிடும். பையின் வாயில் ஒரு சீட்டு கட்டியிருக்கும். இப்போது மச்சான் இல்லை. அவர் மகன் அனுப்புகிறான். இந்தக் கூத்து நடந்தபோது அவன் பிறக்கக்கூட இல்லை. ஆனாலும் போன மாதம் வந்த பையிலும், அப்பா எழுதிய அதே வாசகத்தை அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தான்:

"விதை அல்ல, சமையலுக்கு. மாப்பிள்ளை தாராளமாகத் தொடலாம்."